உன் அப்பா துருப்பிடிக்க வைத்த சைக்கிள்

கொர்த்தெலுங்கா,
நவம்பர் 18

அன்புள்ள மிலேனாவுக்கு அம்மா எழுதுவது.

என் சைக்கிள் திருட்டுப் போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் கால்வாயை ஒட்டியிருக்கும் நகராட்சிக் கிடங்கில், உடைந்த பூங்கா பெஞ்சுகளுக்கும் ஓட்டை விழுந்த குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் சாய்ந்து கிடக்கிறது. இதைக் கிடங்குப் பொறுப்பில் இருக்கும் பெண்மணி தொலைபேசியில் உறுதிப்படுத்தினார், பிறகு நானே போய்க் கண்ணால் பார்த்துவிட்டும் வந்தேன், ஆகவே போன வாரம் போனில் நீ கேட்ட என் கூச்சலையும் உன் பெரியப்பா உனக்கு அனுப்பிவைத்த அனுதாபத்தையும் ரத்து செய்துவிடு. மற்றபடி எனக்குக் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டது, இருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறது, உன் அப்பாவின் ரத்த அழுத்தம் சரியான அளவில் இருக்கிறது, செய்திருக்கும் காரியத்துக்கு அது இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பூமியின் அந்தக் கோடியில் உனக்கு இப்போது வெயில் காலம் தொடங்கியிருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அப்பா அடுத்த அறையிலிருந்து அதற்கு ஒரு திருத்தம் சொல்வார், இந்த விஷயத்தில் அவருடைய திருத்தம் ஒன்றுகூட எனக்குத் தேவையில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஆற்றோரமாகவே பாதை இருக்கிறது, உன்னிடம் ஒரு நல்ல ரேஸ் சைக்கிள் இருக்கிறது, ஆனால் நீ அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டு டிராமில் நின்றுகொண்டே போகிறாய், ஏனென்றால் உன் ஆபீஸில் கிராண்ட் என்று ஒருவர் "நல்ல வண்டியைக் கொண்டுபோய் வெளியில நிறுத்துறது திருடனைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறதுதான், பேசாம ஒரு டப்பா சைக்கிளா வாங்கிக்கோ" என்று சொன்னார், அம்மா நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நான் நினைப்பதை அப்படியே எழுதினால் அந்த மனிதருக்கு நீ மொழிபெயர்த்துச் சொல்ல முடியாது. காலை ஈரக் காற்றில், நல்ல வண்டியில், யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாத அந்த அரைமணி நேரத்தை ஒரே ஒரு நாள் அனுபவித்திருந்தாலும் அவர் இப்படிப் பேசமாட்டார். திருடன் எடுத்தால் ஒரு முறை எடுப்பான், எடுக்காமலும் போவான். இந்த ஆலோசனைக்காரர்கள் அந்த அரைமணி நேரத்தைக் காலையும் மாலையும் தவறாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதற்குப் புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையமும் இல்லை. பயந்துகொண்டு டப்பா ஓட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், இந்த ஊரில் பாதிப் பேர் அவர்கள்தான், கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க, அதுவும் ஏதோ பெரிய ராஜதந்திரம் செய்துவிட்ட முகத்தோடு போகிறார்கள்.

எங்கள் பத்திரிகையின் கிளையை இங்கே மூடிவிட்டு எல்லாரையும் மாவட்டத் தலைநகருக்கு வரச் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். காருக்கு ஆசைப்படவில்லை, உடம்புக்கு அளவெடுத்துச் செய்த எஃகுச் சட்டத்தில் வெளிர்நீல ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். கால்வாய்க் கரையில் ஏறினால் நேராக ரயில் நிலையம், அங்கே கம்பத்தில் இரண்டு பூட்டு, முன்சக்கரத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். அந்தச் சக்கரம் என்னோடு நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது, நகரசபைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. பத்திரிகையாளர் வரிசையில் என் பக்கத்து நாற்காலி அதற்குத்தான். ஒருநாள் நீதிமன்றச் சேவகர் வந்து "மேடம், இதுக்கும் பத்திரிகை அட்டை இருக்கா?" என்று கேட்டார், நான் "இது மத்தவங்களைவிட ஒழுங்கா உட்கார்ந்து கேக்குது, அதுபோதும்" என்றேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை. இத்தனை வருஷமாக மழையிலும் மூடுபனியிலும் அந்தக் கம்பத்தில்தான் அது நின்றது. யாரும் தொடவில்லை. இதை நான் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லத் தயார். ஆனால் உன் பெரியப்பா ஒரெஸ்தே இதை "இன்னும் நடக்கல, அவ்வளவுதான்" என்று சொல்வார். அவருடைய சைக்கிள் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், சாப்பாட்டு அறையில், படுக்கை விரிப்பு போர்த்திக்கொண்டு, ஏதோ பூதவுடல் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்து, சாலை காய்ந்து, காற்று இல்லாமல், முழங்காலும் வலிக்காமல் இருந்தால் அதை வெளியே எடுப்பார். அப்படி ஒரு ஞாயிறு கடைசியாக எப்போது வந்தது என்று உன் பெரியம்மாவைக் கேட்டேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்துவிட்டு, காபி போட எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் கடைசியில் உன் சித்திக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று நான் திரியெஸ்தே போனேன் அல்லவா, அப்போதுதான் நடந்தது. உன் அப்பாவுக்கு ஓய்வுபெற்ற நாளிலிருந்து கவலைப்படுவதுதான் உத்தியோகம். நான் இல்லாத நேரத்தில் ஒரெஸ்தே வந்து அவரோடு உட்கார்ந்து, பக்கத்து ஊரில் யாருக்கோ போன சைக்கிள், போலோஞாவில் மாணவர்களுக்குப் போன சைக்கிள் என்று ஒரு பட்டியலே படித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது வாசல் நடையில் ஒரு சைக்கிள் நின்றது. துருப்பிடித்த பழுப்பு, சீட்டைச் சுற்றி அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப், பின்னால் மீன் வரும் பிளாஸ்டிக் கூடை ஒன்று, அதுவும் ஒரு மூலை உடைந்தது, கம்பியால் கட்டியிருந்தது. "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டேன். "யாரும் வரல" என்றார். "அப்ப இது யாரோடது?" என்றேன். "உன்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, மிலேனா, சிரித்தார், பரிசு வாங்கிய பையன் மாதிரி சிரித்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்த மனிதர், அட்டையில் மூன்று விதமான துருவை மாதிரிக்குத் தீட்டிப் பார்த்து, எது எங்கே வரவேண்டும் என்று கணக்குப் பார்த்து, பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் ஒத்தி ஒத்தி அடித்திருக்கிறார். அது உரித்து எடுக்கக்கூடிய பெயின்ட், கார் சக்கரத்துக்கு அடிப்பார்களாம், ரப்பர் தோல் மாதிரி வந்துவிடுமாம், உள்ளே நீலம் அப்படியே இருக்குமாம். "இப்பவே உரிங்க" என்றேன். "குளிர்ல உரிச்சா துண்டு துண்டாப் பிஞ்சு ஒட்டிக்கும், ஒரு மாசம் ஓட்டித்தான் பாரேன் ஓர்னெல்லா, நீ சாயங்காலம் வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நான் ஜன்னல்ல நிக்கிறது உனக்குத் தெரியுமா" என்றார். எனக்குத் தெரியும். அதற்காக ஒரு மாதம் என்று ஒப்புக்கொண்டேன். கூடையை மட்டும் அன்றைக்கே வெட்டி எறிந்தேன்.

அந்த நாட்களைப் பற்றி எழுதவே எனக்குக் கூசுகிறது. ரயில் நிலைய காபிக் கடை இவோன் முதல் நாளே காசு வாங்க மறுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் ஒரு கஷ்டகாலம் வரும் அக்கா" என்றாள். ஆபீஸில் விளையாட்டுப் பக்கத்துப் பையன் தனியாகக் கூப்பிட்டு, நிர்வாகம் எனக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டதா, அப்படியானால் அடுத்தது யார் என்று விசாரித்தான். வண்டி அதே வண்டிதான், அதே கியர், அதே பெடல், கால்வாய்க் கரையில் அதே ஓட்டம், ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள், எப்போதும் எனக்கு வழிவிடும் டப்பாக்காரர்கள்கூட மணி அடித்து என்னை ஒதுங்கச் சொல்கிறார்கள். நல்ல பொருளை நல்ல பொருளாகப் பார்க்கத் தெரியாத ஜனங்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு, அது அந்த மாதத்தில் உறுதியாயிற்று. மேலே தோல் மாறினால் போதும், மரியாதையும் மாறிவிடுகிறது.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நடுக்கம் எடுத்து, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் காரில் சக்கரத்தோடு என்னை நேராக வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். சைக்கிள் ரயில் நிலையக் கம்பத்திலேயே, முன்சக்கரம் இல்லாமல், பழுப்பாக நின்றது. நான் படுத்திருந்த நாளெல்லாம் அப்பா நடந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம், என் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "இனிமே கவலையே படாதே, அதுக்கு இப்ப அரசாங்கமே பாதுகாப்பு கொடுத்துருச்சு" என்றார். ரயில் நிலையத்தில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன். நடந்தது வேறு. நகராட்சிக்காரர்கள் வந்து ஹேண்டிலில் ஓர் ஆரஞ்சு அட்டையைக் கட்டியிருக்கிறார்கள், இது கைவிடப்பட்ட ஓட்டை வண்டி, முக்கிய பாகம் இல்லை, குறிப்பிட்ட நாளுக்குள் உரியவர் எடுக்காவிட்டால் அகற்றப்படும் என்று. அப்பா அதை நிதானமாக வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஏன் என்று பிறகு கேட்டபோது அவர் சொன்னது, "இதைவிட நல்ல மாறுவேஷம் நான் போட முடியுமா? நகராட்சியே ஓட்டைன்னு எழுதிக் கட்டின வண்டியை எந்தத் திருடன் தொடுவான்? அப்புறம் நம்ம நகராட்சி சொன்ன தேதியில எதையாவது செஞ்சு நீ பாத்திருக்கியா?" அது மட்டும் உண்மை. நூலகத்துக்கு முன்னால் அதே ஆரஞ்சு அட்டை கட்டிய வண்டிகள் வெயிலில் அட்டை வெளுத்துப்போகும் அளவுக்கு நிற்கின்றன, தபால் நிலையத்தில் ஒன்றில் புறா கூடு கட்டியிருக்கிறது. ஆனால் வசந்த காலத்தில் தேர்தல் வருகிறது. மேயர் ஊரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லியிருந்தார், நகராட்சியின் வரலாற்றிலேயே முதல் தடவையாகச் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் லாரி வந்துவிட்டது.

நான் எழுந்து நடமாடி ரயில் நிலையத்துக்குப் போன அன்று கம்பம் மட்டும் இருந்தது, அடியில் வெட்டிய பூட்டு இரண்டும் கிடந்தன. உனக்குப் போன் செய்தது அப்போதுதான். சாயங்காலமே உன் பெரியப்பா ஒரு பாட்டில் இனிப்பு ஒயினோடு வந்து உட்கார்ந்துகொண்டு, "நான் சொன்னேனா இல்லையா, ஓர்னெல்லா, சொன்னேனா இல்லையா?" என்று ஆறுதல் சொன்னார். அவர் முகத்தில் இருந்ததைத் துக்கம் என்று எந்த நிருபரும் எழுதமாட்டார். மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், அப்பா பக்கத்திலேயே நின்றார். வண்டியின் நிறம் என்ன என்று அதிகாரி கேட்டார், நீலம் என்றேன், வெளிர்நீலம். நிறம் அதுதான், மேலே பஞ்சால் ஒத்தியதை நான் நிறமாக ஏற்றுக்கொள்ளவில்லை. கொஞ்சம் இருமினார் உன் அப்பா. ஆரஞ்சு அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், திருடனாக இருக்கட்டும், திருடனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறார், இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

உண்மையைச் சொன்னது ஒரு திருடன். எல்லாரும் குறடு என்று கூப்பிடும் லோரிஸை உனக்குத் தெரியாமலிருக்காது, ரயில் நிலையத்தில் சைக்கிள் திருடுகிறவன், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் அவன் பெயரை நீதிமன்றச் செய்தியில் எழுதுவேன். என் புகாருக்காக அவனை ஒரு மத்தியானம் முழுக்கக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் இவோன் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, உங்களுக்கே நியாயமா இருக்கா? அந்த நீல வண்டி நிக்கும்போதே நான் தொடல, இந்தக் கருமத்தைத் தொடுவேனா? எனக்கும் ஒரு பேரு இருக்குல்ல இந்த ஊர்ல" என்றான். யார் எடுத்தது என்றேன். "நகராட்சி லாரி. பட்டப்பகல்ல, மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு, பெரிய கட்டரை வெச்சு நறுக்குனானுங்க. அதே வேலையை நான் செஞ்சா உள்ள தூக்கிப் போடுறீங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்லதை வித்துட்டு இதை வாங்கிட்டீங்களோன்னு நெனச்சேம்மா, மனசு கேக்கல. யாரு பண்ணினது அந்தப் பூச்சு?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என்றேன். அவன் என் தோளைத் தட்டினான். இதை நட்பு, நன்றி என்றெல்லாம் நீ எடுத்துக்கொள்ளாதே. இரண்டு பூட்டையும், முன்சக்கரம் இல்லாததையும் பார்த்துச் சோம்பல் பட்டவன் அவன், அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ரெண்டாந்தரத் திருடன். ஆனால் சைக்கிள் தெரிந்தவன், இந்த ஊரில் அது ஒன்றும் சாதாரணமில்லை. பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவருக்குத்தான் ஏமாற்றம், "அட, நகராட்சியா? திருடன்னா வெளிய சொல்லிக்கவாவது நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டதும் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் உனக்குச் சொல்வார்கள்.

இனி கிடங்கு. அங்கே மேலதிகாரி பெர்தாக்கினி என்று ஒருவர், இரண்டு பேனா சட்டைப்பையில், மூன்றாவது காதில். என் வண்டி அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் கிடக்கிறது, நான் வீட்டிலிருந்து முன்சக்கரத்தைக் கொண்டுபோய் எதிரில் வைத்தேன். அவர் சொன்னார்: "மேடம், எங்க பதிவுல இருக்கிறது பழுப்பு, ஓட்டை, மதிப்பு இல்லை. உங்க புகார்ல இருக்கிறது நீலம், உயர்ரகம், திருட்டு. இது ரெண்டும் ஒரே வண்டி எப்படி ஆகும்?" சக்கரத்தை மாட்டிக் காட்டுகிறேன் என்றேன். "இந்தச் சக்கரம் யார் வண்டியிலும் மாட்டும்" என்றார். வண்டிச் சட்டத்தின் அடியில் எண் பொறித்திருக்கிறது, பெயின்டைக் கட்டைவிரல் அகலத்துக்கு உரித்தால் தெரிந்துவிடும் என்றேன். "என் பொறுப்பில் இருக்கிற பொருளோட நிலையை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை, நீங்க உரிச்சா அது நகராட்சிச் சொத்துக்குச் சேதம்" என்றார். மதிப்பில்லாத ஓட்டைக்கு எப்படிச் சேதம் வரும் என்று கேட்டேன். அது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டு, எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கலை அவர் வாயாலேயே சொன்னார், கொஞ்சம் சந்தோஷத்தோடு. இது என் வண்டி என்று நான் கையெழுத்துப் போட்டால் திருட்டே நடக்கவில்லை, அப்படியானால் நான் கொடுத்தது பொய்ப்புகார், அது குற்றம். என் வண்டி இல்லை என்றால் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அகற்றிய வண்டிகளையெல்லாம் நசுக்கும் ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரி மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, முதல் வியாழக்கிழமை. இந்த முறை அது டிசம்பர் 4. இந்தத் தேதியைக் கிடங்குப் பெண்மணியிடமும் தனியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். நீதிமன்ற வாசலில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் எத்தனையோ மடத்தனம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் மடத்தனம் பார்த்ததில்லை.

இதற்கு ஒரே வழி, நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று என் புகாரைக் காவல் நிலையம் குறித்து, அரசு வழக்கறிஞர் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டு, பெயின்டை உரித்து எண்ணைப் பார்க்க அனுமதிப்பது. அதற்கு யாராவது ஒருவர், பூசியது நான், அட்டையைப் பார்த்தது நான், பார்த்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவதாக ஆகிவிடும், எனக்கு அவரோடு அப்போது பேச்சும் இல்லை. அவர் இந்த ஊரில் எதையும் தாங்குவார், சிரிப்பை மட்டும் தாங்கமாட்டார் என்பது உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் கழுத்துப்பட்டை திரும்பியிருந்ததை யாரோ சுட்டிக்காட்டினார்கள் என்று புகைப்படத்துக்கே நிற்காதவர். போன வெள்ளிக்கிழமை காலை யாரும் சொல்லாமல் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "நானும் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னோடு நடந்தார். காவல் நிலையத்தில் தட்டச்சு செய்த காவலன் அவரிடம் வரைபடம் படித்தவன், கோடு கோணலாகப் போடுகிறாய் என்று இவரிடம் குட்டு வாங்கியவன். பின்னால் துப்பாக்கி உரிமத்துக்கு வந்த வேட்டைக்காரர்கள் மூன்று பேர் வரிசையில். இவர் சொல்லச் சொல்ல அவர்கள் முதலில் இருமினார்கள், பிறகு இருமுவதையும் விட்டுவிட்டு நேராகவே சிரித்தார்கள், ஒருவர் "சார், என் காரையும் கொஞ்சம் துருப்பிடிக்க வெச்சுக் குடுங்களேன், வரி குறையும்" என்றார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் விதிப்படி அந்தப் பையன் சத்தமாக வாசித்துக் காட்டினான், சைக்கிளுக்குப் பழுப்பு நிறம் பூசினேன் என்ற இடத்தில் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார், "பழுப்பு இல்லப்பா, மூணு பழுப்பு, சரியா எழுது" என்றார். எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டார், அவருடைய கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது.

அவரோடு இப்போது பேசுகிறேன். அதிகமில்லை. நேற்று மாவுக்குள் பூசணிப் பூரணம் வைத்துத் தோர்த்தெல்லி செய்தேன், அவர் தட்டில் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது, அவர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒரெஸ்தே மட்டும் விடாமல் வருகிறார், பாதி ஊருக்கு வாக்குமூலத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொந்தத் தம்பி என்ற கூச்சம்கூட இல்லாமல். இனிமேல் அவர் வந்தால் சாப்பாட்டு அறை சைக்கிளைப் பற்றிச் சுகம் விசாரிப்பதாக முடிவு செய்திருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறதா, போர்வை போதுமா என்று.

நீ உன் வண்டியைச் சுவரிலிருந்து இறக்கு. நல்ல பூட்டாக இரண்டு வாங்கு, இரண்டும் ஒரே தினுசில் வேண்டாம், முன்சக்கரத்தைக் கழற்றி ஆபீஸுக்குள் எடுத்துப்போ, யாராவது முறைத்தால் முறைக்கட்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கட்டு. போனால் போகட்டும், அதுவரை ஓட்டியது உன்னுடையது. அந்த கிராண்டிடம் வேறு எதற்கு வேண்டுமானாலும் ஆலோசனை கேள், சைக்கிளுக்கு வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் அதன் மேல் எதையும் பூசாதே.

இன்றைய நிலவரம் இதுதான். வாக்குமூலம் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இது உறுதி, சீட்டு என்னிடம் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் இதுபோன்ற சில்லறைக் கோப்புகளில் கையெழுத்துப் போடுவது புதன்கிழமைகளில்தான், எங்களுடையது டிசம்பர் 3 அடுக்கில் இருக்கிறது என்று அவர் அலுவலக எழுத்தர் அம்மாள் சொன்னார். அவர் சொன்னால் நான் நம்புவேன், அவருடைய மேலதிகாரி சொன்னால் இன்னொருவரைக் கேட்பேன். கையெழுத்து அன்று மதியத்துக்குள் வந்தால் பெர்தாக்கினி மூடுவதற்கு முன் நான் கிடங்கில் இருப்பேன். வராவிட்டால் மறுநாள் காலை லாரி. கையெழுத்துப் போடுவாரா என்று யாருக்கும் தெரியாது.

நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் நீ நீண்ட நாள் இரு, சாலையில் உனக்கு எதிர்க்காற்று இல்லாமல் இருக்கட்டும். ஒன்று மறக்காதே. டிசம்பர் 3 புதன்கிழமை, எங்களுக்கு மதியம், உனக்கு ராத்திரி பத்து மணி வாக்கில் இருக்கும், போன் செய். என் எண்ணுக்கு வேண்டாம், அப்பா எண்ணுக்குச் செய். கையெழுத்து வந்திருந்தால் அவரே கத்திச் சொல்வார். வராவிட்டால் மறுநாள் அந்த லாரி ஊரைத் தாண்டுகிற வரைக்கும் என் குரலைத் தவிர வேறு ஒரு குரல் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உன்மேல் உயிராக இருக்கும்,
அம்மா ஓர்னெல்லா